கல்லறையில் சுவிசேஷம் சொல்லலாமா?

கேள்வி: அப்பா சென்ற ஆண்டு இறந்துவிட்டார். கடைசிவரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை. வீட்டு ஜெபத்துக்கு வரும் ஊழியர் 1 பேதுரு 4:6-ஐக் காட்டி, "மரித்தவர்களுக்கும் சுவிசேஷம் அறிவிக்கப்படுகிறது, கல்லறையில் நின்று வசனம் வாசித்தால் அவருக்கும் வாய்ப்பு உண்டு" என்கிறார். அம்மா வாரம் தவறாமல் வேதாகமத்தோடு கல்லறைக்குப் போகிறார். அந்த வசனத்துக்கு அதுதான் பொருளா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: இல்லை, சகோதரி. அந்த ஊழியர் வினைச்சொல்லையே மாற்றிவிட்டார். வேதாகமத்தில் இருப்பது 'அறிவிக்கப்படுகிறது' அல்ல, 'அறிவிக்கப்பட்டது'. கிரேக்க மூலத்திலும் நடந்து முடிந்த செயலாகத்தான் இருக்கிறது.

'மரித்தோருக்கு அறிவிக்கப்பட்டது' என்றால் மரித்த பிறகு அறிவிக்கப்பட்டது என்றுதான் ஆக வேண்டுமா? "செத்துப்போன பெரியப்பாவுக்குத்தான் அந்தக் கிணற்றடி நிலத்தைக் கிரயம் செய்து கொடுத்தார்கள்" என்று உங்கள் ஊரில் ஒருவர் சொன்னால், பிணத்தின் பேரில் பத்திரம் பதிந்ததாக யாரும் நினைப்பதில்லை. பதியும்போது பெரியப்பா இருந்தார், பேசும்போது இல்லை. இந்த வசனமும் அப்படித்தான். சில ஆங்கில மொழிபெயர்ப்புகள் குழப்பம் வேண்டாமென்று 'இப்போது மரித்திருக்கிறவர்கள்' என்றே எழுதுகின்றன. 'இப்போது' மூலத்தில் இல்லை, விளக்கத்துக்காகச் சேர்த்தது. ஆனால் பொருத்தமான விளக்கம்.

ஏன் பொருத்தம் என்பது நாலாம் வசனத்திலிருந்து வாசித்தால் புரியும். பழைய கூட்டாளிகளோடு குடிக்கும் களியாட்டுக்கும் போகாததால் விசுவாசிகளைத் தூஷிக்கிறார்கள். கிடாவெட்டுக்கும் கறிவிருந்துக்கும் வராத வேதக்காரரை நம் பக்கத்தில் பேசாத பேச்சா? "வேதத்தில் சேர்ந்து என்ன கண்டான், அவனும் செத்துத்தானே போனான்" என்ற ஏளனமும் அதில் சேரும். அதற்குத்தான் பேதுரு பதில் சொல்கிறார்: அவர்கள் மாம்சத்தில் எல்லாரையும்போல மரணத்தீர்ப்பு அடைந்தார்கள், ஆனாலும் ஆவியிலே பிழைப்பார்கள், கேட்ட சுவிசேஷம் வீணாகவில்லை. உபத்திரவப்படுகிற சபைக்குத் தேவைப்பட்டது இந்த ஆறுதல். செத்தபின் இன்னொரு வாய்ப்பு உண்டு என்றால், இப்போது பாடுபட்டுப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நிருபம் முழுக்க அவர் சொல்வதற்கே அர்த்தம் இருக்காது.

குழப்பம் பெரும்பாலும் 3:19-ஐ இதோடு ஒட்டிப் படிப்பதால் வருகிறது. அங்கே கிறிஸ்து 'காவலிலுள்ள ஆவிகளுக்குப் பிரசங்கித்தார்'. தமிழில் ஆவி என்றதும் இறந்தவரின் ஆவி என்றே நம் காது கேட்கிறது. புதிய ஏற்பாட்டில் 'ஆவிகள்' என்று தனியே வந்தால் அநேகமாக மனிதரல்லாத ஆவிகளே. மனிதரைச் சொல்லும்போது எபிரெயர் 12:23-இல் உள்ளதுபோல 'நீதிமான்களுடைய ஆவிகள்' என்று விவரம் சேரும். வினைகளும் வேறு: 3:19-இல் கட்டியக்காரன்போலப் பறைசாற்றுவது, 4:6-இல் நற்செய்தி சொல்வது. முதல் வினை வெற்றியை அறிவிப்பதற்கும் பொருந்தும். தவிர, 3:20 அந்த ஆவிகளை நோவாவின் நாளில் கீழ்ப்படியாதவை என்று குறிப்பிட்டே சொல்கிறது. எல்லா மரித்தோருக்கும் அதை நீட்ட இடமில்லை.

3:19 எளிய வசனம் என்று சொல்ல மாட்டோம். ஆதிசபை ஆசிரியரான அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து, கிறிஸ்து பாதாளத்தில் பிரசங்கித்தார் என்றே எடுத்துக்கொண்டார். ஆதிசபை ஆயரான அகுஸ்தீன், கிறிஸ்துவின் ஆவி நோவா மூலம் அந்தக் காலத்து ஜனங்களிடம் பேசியது என்றார். தனக்கு நிச்சயமாய் விளங்கவில்லை என்று சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரே ஒப்புக்கொண்டார். இவ்வளவு தகராறுள்ள வசனத்தின்மேல் ஒரு வழக்கத்தைக் கட்டக் கூடாது. கத்தோலிக்கர் இறந்தோருக்காக ஜெபிப்பது தனி விஷயம். அதற்கு அவர்கள் காட்டுவது தங்கள் வேதாகமத்தில் உள்ள 2 மக்கபேயர் 12. எபிரெயர் 9:27, லூக்கா 16:26 இரண்டும் மரணத்துக்குப் பின் மாற்றத்துக்கு இடம் வைக்கவில்லை.

ஆனால் இதை வைத்து உங்கள் அப்பாவுக்கு யாரும் தீர்ப்பெழுதவும் வேண்டாம். ஞானஸ்நானம் எடுக்காதது வேறு, சுவிசேஷம் கேளாதது வேறு. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் எடுக்க ஏது நேரம்? அவனுக்குப் பரதீசு வாக்களிக்கப்பட்டது (லூக்கா 23:43). அப்பா என்ன கேட்டார், மனதில் என்ன வைத்திருந்தார் என்பது ஊழியருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அம்மா கல்லறைக்குப் போவதைத் தடுக்காதீர்கள். அப்பாவை மீட்கும் பொறுப்பு தன் தலையில் இருக்கிறது என்ற பாரத்தை மட்டும் இறக்கிவையுங்கள். ஒரு வாரம் போக முடியாவிட்டால் அவர் படும் குற்றவுணர்வு அதனால் வருவதே. கூடப் போய் 90-ஆம் சங்கீதத்தை நீங்களே வாசியுங்கள். ஊழியர் மறுபடி வந்தால், 4:1-லிருந்து 6 வரை நிறுத்தாமல் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.