முகம் காட்டாத அம்மா

கேள்வி: பழைய மௌனப் படங்கள் சில பார்த்தேன். மகன் போருக்குப் போனதும் வீட்டில் இருக்கும் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை உருட்டுகிறாள். சோகத்துக்குப் பதில் சிரிப்புதான் வருகிறது. வசனம் இல்லாத குறையை மிகை நடிப்பால் ஈடுகட்டினார்களோ?

பதில்: எந்தப் படம் என்று எழுதியிருக்கலாம். கண்ணை உருட்டியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பழி முழுவதையும் அந்த அம்மாக்கள் தலையில் கட்டாதீர்கள். கேமராவைக் கையால் சுற்றி, வினாடிக்குப் பதினாறு, பதினெட்டு பிரேம் (தனித்தனிப் படம்) என்று எடுத்த படத்தை வினாடிக்கு 24 என்று வேகமாக ஓட்டினால் தாலாட்டுகூடக் குத்தாட்டமாகத்தான் தெரியும்.

அமெரிக்க இயக்குநர் கிரிஃபித்தின் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' (1915) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறிக் கும்பலைத் தூக்கிப்பிடிக்கும் கேவலமான படம் அது. ஆனாலும் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து மகன் வீடு திரும்பும் காட்சியைப் பாருங்கள். நொடித்துப்போன குடும்பம். அண்ணன் வருகிறான் என்று தங்கை பஞ்சைப் பிய்த்து, கரியால் புள்ளி வைத்து, ராஜவம்சத்து மென்மயிர் ஆடை போல உடுப்பில் ஒட்டிக்கொள்கிறாள். வாசலில் அவளைப் பார்த்ததும் முதலில் சிரிப்பு, அப்புறம்தான் அழுகை. பிறகு கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் நீண்டு வந்து அவனை அணைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அம்மாவின் கை. முகத்தைக் காட்டவே இல்லை. உருட்டுவதற்குக் கண் எங்கே?

இன்னொரு அமெரிக்க இயக்குநர் ஜான் ஃபோர்டின் 'ஃபோர் சன்ஸ்' (1928) பட அம்மா ஜெர்மன்காரி. நாலு பிள்ளைகளில் ஒருவன் அமெரிக்காவில். மற்ற மூவரையும் முதல் உலகப் போர் கொண்டுபோய்விடுகிறது. செய்தி கொண்டுவருகிறவர் ஊருக்கே வேண்டப்பட்ட தபால்காரர், கையில் கறுப்புக் கரை போட்ட கடிதம். அவர் நடையைப் பார்த்தாலே நமக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. போர் முடிந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை; எதிரி நாட்டுத் தாய்க்காக அமெரிக்கர்களைக் கைக்குட்டை தேட வைத்தார் மனுஷர்.

சரி, 'செவன்த் ஹெவன்' (1927) முடிவை வேண்டுமானால் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். செத்துவிட்டான் என்று சொல்லப்பட்ட காதலன், பார்வை போன நிலையில் அத்தனை மாடிப்படியும் ஏறி வந்து நிற்கிறான். அது மிகைதான். எனக்குப் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

சரியான வேகத்தில் ஓடும் பிரதியாகத் தேடிப் பாருங்கள். அந்தக் கை நீளும் இடத்திலும் சிரிப்பு வந்தால் எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.