பிள்ளைகளுக்கு மனச்சோர்வு கூடிவிட்டதா? ஒரு மனநல மருத்துவரின் பதில்கள்

எங்கள் காலத்தில் பிள்ளைகளுக்கு டிப்ரஷன் என்று கேள்விப்பட்டதே இல்லை. இது புதிதாக முளைத்த நோயா டாக்டர்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவை)

அப்போதும் இருந்தது ஐயா. 1960கள் வரை மனநல மருத்துவர்களிலேயே பலர், குழந்தைக்கு மனச்சோர்வு வரவே வராது, அதற்கான முதிர்ச்சி அதன் மனதுக்குக் கிடையாது என்று நம்பினார்கள். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு மூன்றாம் பதிப்பு வந்தபோதுதான் பெரியவர்களுக்கான அளவுகோலைப் பிள்ளைகளுக்கும் வைத்துப் பார்க்கும் வழக்கம் நிலைத்தது. அதுவரை அந்தப் பிள்ளைகளுக்கு நாம் வைத்த பெயர் சோம்பேறி, அழுமூஞ்சி, அடங்காப்பிடாரி.

அப்படியானால் நோய் கூடவில்லை, கண்டுபிடிப்பதுதான் கூடியிருக்கிறது என்கிறீர்களா? (கல்லூரி மாணவர், திருச்சி)

பாதி சரி தம்பி. 1965 முதல் 1996 வரை பிறந்த பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2006இல் வந்தது. மனச்சோர்வு உள்ளவர்கள் 13 வயதுக்குக் கீழே சுமார் 2.8 சதவீதம், 13 முதல் 18 வரை சுமார் 5.6 சதவீதம், அந்த முப்பது ஆண்டுகளில் ஏற்றம் எதுவும் தெரியவில்லை என்பது அதன் முடிவு.

கதை மாறுவது அதற்குப் பிறகு. அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் தேசியக் கணக்கெடுப்பில், கடந்த ஓராண்டில் கடும் மனச்சோர்வுக்கு ஆளான 12 முதல் 17 வயதினர் 2005இல் 8.7 சதவீதம், 2014இல் 11.3, 2019இல் 15க்கு மேல். இது மருத்துவரிடம் போனவர்களின் கணக்கு இல்லை. பிள்ளைகளிடமே நேராகக் கேட்டு எடுத்தது. அதனால் டாக்டர்கள் அதிகமாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்ற சமாதானம் இங்கே எடுபடாது. 2021இல் 20ஐத் தொட்டு, 2023இல் 18 அளவுக்கு இறங்கியது. ஆனால் கொரோனாவை ஒட்டிக் கணக்கெடுக்கும் முறை மாறிவிட்டதால், முந்தைய எண்களோடு இவற்றை ஒரே கோட்டில் வைக்கக் கூடாது.

அமெரிக்காவில் பெண் பிள்ளைகளில் பாதிக்கு மேல், 57 சதவீதம் பேருக்கு டிப்ரஷன் என்று வாட்ஸப்பில் வந்ததே? (இல்லத்தரசி, சேலம்)

அந்த 57 சதவீதம், 2021இல் பள்ளிகளில் எடுத்த வேறொரு கணக்கு. இரண்டு வாரமோ அதற்கு மேலோ, வழக்கமான வேலைகளையே விட்டுவிடும் அளவுக்குச் சோகமாக இருந்தாயா என்பது ஒரே கேள்வி. அதற்கு 'ஆமாம்' என்று சொல்வது கவலைப்பட வேண்டியதுதான், ஆனால் நோய் என்று முடிவுகட்டப் போதாது. 2011இல் இதே கேள்விக்கு ஆமாம் என்ற பெண் பிள்ளைகள் 36 சதவீதம் என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன்.

எல்லாம் செல்போனால்தானே? (தந்தை, சென்னை)

செல்போன் பரவிய காலமும் மனச்சோர்வு கூடிய காலமும் பொருந்துகிறது. ஆனால் அதை மட்டும் வைத்துக் குற்றவாளி யார் என்று சொல்லிவிட முடியாது. ஆய்வாளர்களே இரண்டு கட்சி. என்னைக் கேட்டால், எத்தனை மணி நேரம் பார்க்கிறான் என்பதைவிட இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று முதலில் பாருங்கள்.

நம் நாட்டில்? (செவிலியர், தஞ்சாவூர்)

2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 13 முதல் 17 வயதில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு உள்ளவர்கள் 7.3 சதவீதம். மனச்சோர்வு அதில் ஒரு பங்குதான். கூடியதா குறைந்ததா என்று சொல்ல ஒரு முறை எடுத்த கணக்கு போதாது.

மகனுக்கு 14 வயது. அழுவதே இல்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். கிரிக்கெட் ஆடப் போவதையும் விட்டுவிட்டான். திமிர்தானே இது? (ஓர் அம்மா, மதுரை)

கிரிக்கெட்டை விட்டான் என்றீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது அம்மா. இந்த வயதில் மனச்சோர்வு பல நேரம் எரிச்சலாகத்தான் வெளியே வரும். நோய்க் கையேடும் பிள்ளைகள் விஷயத்தில் சோகத்துக்குப் பதில் எரிச்சலை ஏற்றுக்கொள்கிறது. வெறும் திமிர் என்றால் வீட்டில் முறைப்பான், மைதானத்தில் சிரிப்பான். பிடித்ததும் கசந்து, தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாம் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால் தற்கொலை எண்ணம் வரும் என்கிறார்களே? (தந்தை, ஈரோடு)

2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அப்படி எச்சரித்தது உண்மை. அவர்கள் ஆராய்ந்த சோதனைகளில் மருந்து எடுத்த பிள்ளைகளில் 4 சதவீதம் பேருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம் பேருக்கும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ வந்தது; யாரும் இறக்கவில்லை. அதனால் முதல் சில வாரங்கள் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும். அதே 2004இல் வந்த இன்னொரு ஆய்வில் ஃப்ளூஆக்ஸிடின் என்ற மனச்சோர்வு மருந்தும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்து பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் தேறினார்கள்; வெற்று மாத்திரைக்கு 35. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே பேசுங்கள்.