காட்டுத்தீக்குப் பிறகு சிறு மானியம்: கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவின் ஊர்ப்புறக் குழுக்கள் அனுப்பும் சிறு மானிய விண்ணப்பங்களைப் படித்து மதிப்பிடுவது என் வேலை. வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அக்கா, வீடே எரிந்துபோனவர்களுக்குச் சமையல் வகுப்பு, ஊர் விருந்து என்று மானியம் கொடுப்பது நியாயமா?

நியாயம்தான் தம்பி. வீட்டுக்கு இன்சூரன்ஸ், அரசு உதவி என்று வேறு வழிகள் உண்டு. தீக்குப் பிறகு சிதறிப்போகும் உறவுக்கு இந்தச் சிறு தொகைதான். 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் மூண்ட தீயில் 173 பேர் இறந்தார்கள். அந்த ஊர்களை மெல்பர்ன் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தது. ஊர்க் குழுக்களில் சேர்ந்திருப்பது மனநலத்துக்குத் துணையாக இருந்ததும், பத்து ஆண்டு கழித்தும் சிலர் மீளாமல் இருந்ததும் அதில் தெரிந்தன.

மன ஆலோசனை முகாம் என்று பலகை வைத்தால் பல விவசாயிகள் வரமாட்டார்கள். வேலி போடும் பயிற்சி என்றால் வருவார்கள். ஒருவர் கம்பியை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் முடுக்கும்போது, செத்த மாடுகளைப் பற்றிய பேச்சு தானாக வரும். அதே தீக்குப் பிறகு கில்மோர் பக்கம் தொடங்கிய ‘ப்ளேஸ்எய்ட்’ தொண்டர்கள் இன்றும் வேலிதான் கட்டித் தருகிறார்கள்.

எங்கள் குழு பதிவு செய்யப்படவில்லை. விண்ணப்பிக்கலாமா?

பதிவுபெற்ற ஓர் அமைப்பு ‘ஆஸ்பிஸ்’ ஆக நிற்கச் சம்மதித்தால் பெரும்பாலும் முடியும். பணம் அவர்கள் கணக்குக்கு வரும், வேலையை நீங்கள் செய்வீர்கள். சம்மதத்தைக் கடிதமாக வாங்குங்கள். யாருடைய பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் (வருபவர்களுக்குக் காயமோ சேதமோ ஏற்பட்டால் ஈடுகட்டும் காப்பீடு) உங்கள் நிகழ்ச்சிக்குப் பொருந்தும் என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

போன மாதம் பார்பெக்யூ அடுப்பு வாங்கிவிட்டோம். அந்தச் செலவைக் கேட்கலாமா?

கூடாது. ஒப்புதலுக்கு முன் செய்த செலவுக்கு அநேகமாக எந்த மானியமும் கிடைக்காது. கடிதம் கைக்கு வந்த பிறகே கடைக்குப் போங்கள்.

2020இல் காட்டுத்தீக்காக நகைச்சுவை நடிகை செலெஸ்ட் பார்பர் திரட்டிய 5.1 கோடி டாலர் ஏன் வீடிழந்தவர்களுக்குப் போகவில்லை?

ஃபேஸ்புக்கில் அவர் திரட்டிய பணம் நியூ சவுத் வேல்ஸ் ஊரகத் தீயணைப்புச் சேவையின் அறக்கட்டளைக்குப் போனது. பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று சொல்லும் அதன் பத்திரம் தீயணைப்புப் படைகளுக்கான கருவி, பயிற்சி, நிர்வாகச் செலவு ஆகியவற்றுக்கே இடம் தருகிறது. மற்ற அறநிறுவனங்களுக்குப் பிரித்துத் தரலாமா என்று அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்தில் கேட்டார்கள். முடியாது என்று 2020 மே மாதம் தீர்ப்பு வந்தது. காயம்பட்ட தொண்டர்களுக்கும், பணியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் உதவலாம் என்று வழி விட்டது.

சட்டம் பேசுகிறீர்கள் அக்கா. கொடுத்தவர்கள் மனசில் எரிந்த ஊர்களும்தானே இருந்தன?

இருந்தன. அதனால்தான் எனக்கும் வருத்தம். ஆனால் நீதிமன்றம் பத்திரத்தில் எழுதியிருப்பதைத்தான் பார்க்கும். கொடுப்பவரின் நினைப்பைப் பார்த்து அதை மாற்ற ஆரம்பித்தால், நாளை நீங்கள் பள்ளிக்கூடத்துக்கென்று கொடுத்த பணத்தை வேறொருவர் வேறெதற்கோ திருப்பலாம்.

அப்படியானால் அந்தப் பணம் வீண்தானே?

இந்தச் சொல்லை ஏற்கமாட்டேன். அங்கே தீயோடு மல்லுக்கு நிற்பவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத தொண்டர்கள். அவர்கள் கைக்கு நல்ல கருவி போவது வீணாகாது. கோபப்படுவதாக இருந்தால், பணம் எந்தக் கணக்கில் விழுகிறது என்று முதலிலேயே பார்க்காததற்காகக் கோபப்படுங்கள். உள்ளூர் மீட்சிக்குத்தான் தர வேண்டும் என்றால் எஃப்ஆர்ஆர்ஆர் (Foundation for Rural & Regional Renewal) போன்ற ஊரக அறக்கட்டளைகள் 2000ஆம் ஆண்டு முதலே இருக்கின்றன.

ஜெனரேட்டர் வாங்கிவிட்டோம், பில் இருக்கிறது...

மேலே பார்பெக்யூ அடுப்புக்குச் சொன்னதுதான். கிடைக்காது.

என் சொந்த வீட்டுக் கூரைக்கு இதில் விண்ணப்பிக்கலாமா?

இது குழுக்களுக்கானது. அரசு உதவித்தொகைகளை வழங்கும் சர்வீசஸ் ஆஸ்திரேலியாவையும் உங்கள் உள்ளூர் கவுன்சிலின் மீட்பு மையத்தையும் அணுகுங்கள்.

எப்போது விண்ணப்பிப்பது நல்லது? தீ அணைந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

அவசரம் வேண்டாம் அம்மா. முதல் மாதங்களில் தொண்டர்களும் கேமராக்களும் ஊரில் நிறைந்திருப்பார்கள். அவர்கள் கிளம்பிய பிறகுதான் பலருக்குச் சோர்வு தட்டும். முதலாம் ஆண்டு நினைவு நாள் நெருங்கும்போது அது கூடும். அந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று எரிந்த தெருக்காரர்களிடம் கேளுங்கள். சிலர் கூட்டமே வேண்டாம் என்பார்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டுக்கும் பணம் மிச்சம் வைத்துத் திட்டம் போட்ட விண்ணப்பத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். மண்டப வாடகை, தொலைவில் இருப்பவர்களை அழைத்துவர வேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று தனித்தனி வரியாகக் கேளுங்கள். எதையும் முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிடாதீர்கள்.