கேள்வி – பதில்: ஐந்து கை மாறிய ஆவுளியா

கேள்வி: ஈராண்டு கழித்து ஃபேஸ்புக் பக்கம் திரும்பியிருக்கிறேன். கடல் செய்திகளைப் பகிர ஆசை. ‘நேற்று கரை ஒதுங்கிய ஆவுளியா’ (கடல் பசு) என்று வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பலாமா? – வாசகர், மண்டபம்

பதில்: உடனே வேண்டாம். படத்தோடு ஃபார்வர்டு செய்ததைக் காட்டும் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறிய சரக்கு. படத்தின் மேலுள்ள எழுத்தை வெட்டிவிட்டு கூகுள் லென்ஸில் தேடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் படத்தை விட்டு வாசகத்தின் பின்னால் ஓடும். பழைய தேதியில் அதே படம் சிக்கினால் கதை முடிந்தது. சிக்காவிட்டாலும் உண்மை என்றாகிவிடாது. எடுத்தவரிடம் மூலப் படத்தை ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள், போட்டோவாக அனுப்பினால் எடுத்த நாளும் இடமும் உதிர்ந்துவிடும்.

பகிர்வது கள்ளக்கடல் (உள்ளூரில் காற்றோ புயலோ இல்லாமலே திடீரெனக் கரையேறும் பேரலை) எச்சரிக்கையா? தொடங்கும், முடியும் நேரத்தைப் படத்துக்குள்ளேயே எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் தலைப்பு காணாமல் போகும். முந்தாநாள் எச்சரிக்கை இன்று வள்ளத்தைக் கரையில் கட்டிப்போடும்.

ஆவுளியா வலையில் உயிரோடு இருந்தால் முதல் தகவல் வனத்துறைக்கு. இடத்தைப் பதிவில் போடாதீர்கள்.