பழைய சோபாவை என்ன பண்றது?

கே: வேளச்சேரில மூணாவது மாடி ஃபிளாட். பழைய சோபா லிஃப்ட்லயும் நுழையல, காயலான் கடைக்காரரும் வேணாங்கிறார். என்ன பண்ணலாம்?
- வாசகி, சென்னை

ப: அவரு வேணாங்கிறதுல ஆச்சரியம் இல்லம்மா, அவருக்கு இரும்பு, பேப்பர்னாதான் காசு, ஃபோமை வாங்கி என்ன செய்வார். முதல்ல குஷனைத் தூக்கி தையல் ஓரம், இடுக்கெல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க. கறுப்புப் புள்ளியா இருந்தா மூட்டைப்பூச்சி, அதை யாருக்கும் குடுத்துடாதீங்க பாவம். சுத்தமா இருந்து சட்டம் தேக்குன்னா தூக்கிப் போடவே வேணாம், சோபா ரிப்பேர் பண்றவர்கிட்ட ஃபோமும் துணியும் மாத்திக்கலாம்.

போட்டுத்தான் ஆகணும்னா மாநகராட்சியே சனிக்கிழமைகள்ல பழைய சோபா, மெத்தையெல்லாம் வீட்டுக்கு வந்து எடுக்கிறாங்க, 1913-க்கு போன் பண்ணியோ நம்ம சென்னை ஆப்லயோ பதிவு பண்ணுங்க. இறக்குறதுக்கு முன்னாடி கால்களைக் கழட்டிட்டு நெட்டுக்குத்தா நிறுத்திப் பாருங்க, நிறைய சோபா அப்படியே படி வளைவுல திரும்பிடும். அதுவரை மாடிப்படில வைக்காதீங்க, தீ விபத்துன்னா எல்லாரும் ஓடுற வழி அது. காலி மனைல போட்டு எரிக்கவே கூடாது, ஃபோம் புகைல கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும் வரும்.