வாங்கி 3 வாரத்தில் ஃப்ரிட்ஜ் பழுது: 'கம்பெனியைக் கேளுங்க' என்று கடைக்காரர் கைவிரித்தால் என்ன செய்வது?

நீங்கள் சொன்னதைச் சுருக்கினால் இதுதான்: தி.நகரில் ஒரு கடையில் ஃப்ரிட்ஜ் வாங்கினீர்கள். 3 வாரத்தில் குளிர்வதே இல்லை. மெக்கானிக் இரண்டு முறை வந்து பார்த்தும் சரியாகவில்லை. கடையில் கேட்டால் "வாரண்டி கம்பெனியோடது, எங்களுக்குச் சம்பந்தமில்ல" என்கிறார்கள். பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருக்கிறது.

சம்பந்தமில்லை என்று கடைக்காரர் சொல்வது சட்டப்படி தவறு. பில் யார் பெயரில் இருக்கிறது, ஜிஎஸ்டி எண் யாருடையது என்று பாருங்கள். உங்களுக்கு விற்றவர் அவர்தான். கம்பெனி அட்டையில் தரும் வாரண்டி அதற்கு மேல் கிடைக்கும் கூடுதல் வாக்கு. அந்த அட்டையைக் காட்டி விற்றவர் கழன்றுகொள்ள முடியாது.

இதற்கு 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமே போதும். இன்ன மாடல் என்று சொல்லி, அந்த வியாபாரமே செய்கிறவரிடம் ஒரு பொருளை வாங்கினால், அது விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 16. யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அது ஒப்பந்தத்தில் இருப்பதாகவே கொள்ளப்படும். கடையிலேயே பொருளைப் பரிசோதித்து வாங்கியிருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு மட்டும் விலக்கு உண்டு. கதவு நசுங்கியிருந்ததை இப்போது போய்ச் சொல்ல முடியாது. கம்ப்ரசர் கோளாறு அப்படியா? அதைக் கடையில் நின்றபடி யார் கண்டுபிடிக்க முடியும்?

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பிரிவு 16 சொல்வது நிபந்தனை வகை. நிபந்தனை மீறப்பட்டால் பொருளையே வேண்டாம் என்று திருப்பலாம். பொருளை நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டதாக ஆகிவிட்டால் அந்த உரிமை போய்விடும், நஷ்டஈடு மட்டும்தான் கேட்க முடியும். நியாயமான காலம் கடந்தும் 'வேண்டாம்' என்று விற்றவருக்குத் தெரிவிக்காமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே பிரிவு 42 எடுத்துக்கொள்கிறது. கவுன்ட்டரில் போட்ட சண்டைக்கு ஆதாரம் எங்கே? ஆகவே இன்றைக்கே கடைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், கம்பெனிக்கும் நகல் போகட்டும். வாங்கிய தேதி, பில் எண், என்ன பழுது, மெக்கானிக் வந்த தேதிகள், வேறு ஃப்ரிட்ஜ் வேண்டுமா பணம் வேண்டுமா, எத்தனை நாளுக்குள் என்பது இருந்தால் போதும். அதையே அச்செடுத்து ஸ்பீடு போஸ்ட்டிலும் போட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த மெக்கானிக் விஷயம். அம்மா வீட்டு ஏசிக்கு வந்தவர் கேஸ் நிரப்பிவிட்டு, படிவத்தில் "வோல்டேஜ் பிரச்சினை" என்று எழுதிக் கையெழுத்து கேட்டார். அம்மாவும் பேனாவை எடுத்துவிட்டார். நான் வாங்கி, அதற்குக் கீழேயே "வோல்டேஜ் அளந்து காட்டப்படவில்லை, அறை இன்னும் குளிரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டேன். வோல்டேஜ் என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால், பழி உங்கள் வீட்டு மின்சாரத்தின் மேல் போய்விடும், வாரண்டியும் தட்டிப்போகும். இப்போதெல்லாம் கையெழுத்துக்குப் பதில் ஓடிபி கேட்கிறார்கள். பழுது சரியாகாமல் அதைச் சொல்லாதீர்கள். சொன்ன நிமிடமே புகார் முடிந்ததாகப் பதிவாகிவிடும், பிறகு அந்தப் பதிவையே உங்களுக்கு எதிராக நீட்டுவார்கள். பாவம், அந்தப் பையனுக்கும் மேலே அழுத்தம் இருக்கும். அதற்காக நாம் நம் வழக்கைக் கெடுத்துக்கொள்ள முடியாது.

பில்லில் உள்ள வாசகத்துக்குப் பயப்படாதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பிரிவு 2(47)-இன்படி, பழுதான பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லில் காலக்கெடு குறித்திருந்தால் அது, இல்லையென்றால் 30 நாள். நீங்கள் இன்னும் அந்த 30 நாளுக்குள் இருக்கிறீர்கள், நழுவவிடாதீர்கள். ஆனால் இது பழுதான பொருளுக்கு மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் நிறம் பிடிக்கவில்லை என்றால் கடைக்காரர் மாற்றித் தருவது அவர் பெருந்தன்மை.

பதில் வராவிட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அவர்கள் கம்பெனியிடம் பேசுவார்கள், உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. சில பெரிய கம்பெனிகள் அதற்கே இறங்கி வந்துவிடும்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். கடை, கம்பெனி இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். பழுது இருக்கிறதா என்பதே சர்ச்சையானால் ஆணையம் பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பலாம், அதற்கான செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். 3 மாதம், பரிசோதனை வேண்டுமென்றால் 5 மாதம் என்பது சட்டத்தின் இலக்கு. நடப்பில் இழுக்கும், அதற்குத் தயாராக இருங்கள். புகாருக்கான காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.

ஒன்று நீங்கள் சொல்லவில்லை: ஃப்ரிட்ஜ் வீட்டுக்கா, தொழிலுக்கா? பிழைப்புக்காக நீங்களே நடத்தும் டீக்கடைக்கு என்றால் நீங்கள் நுகர்வோர்தான். பெரிய ஓட்டலுக்கு வாங்கியது என்றால் நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் எடுக்காது. அப்போது அதே 1930 சட்டத்தை வைத்து சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், அதற்கு வக்கீலைப் பாருங்கள்.