அந்தியோகியாவில் பிரிந்த பந்தி

அன்புள்ள ஆசிரியருக்கு,

யூத நியாயப்பிரமாணத்தை (மோசேயின் சட்டத்தை) ஒதுக்கிவிட்டுக் கிறிஸ்தவத்தைத் தனி மதமாக்கியவர் பவுல் என்றே படித்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் தம் ஊழியத் துணைவரான தீமோத்தேயுவுக்கு ஏன் விருத்தசேதனம் (யூத முறைப்படி நுனித்தோல் நீக்கும் சடங்கு) செய்வித்தார்? அது யூதர்களுக்கு அஞ்சிச் செய்த சமரசமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவ்விடத்து யூதர்களின் பொருட்டே அதைச் செய்தார் என்று புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் வெளிப்படையாகச் சொல்வதால், சமரசம் என்று வாசிக்கவும் இடமிருக்கிறது. ஆனால் எருசலேமுக்குத் தம்முடன் வந்த தீத்துவின் விருத்தசேதன விஷயத்தில் சிறிதும் வளைந்துகொடுக்கவில்லை என்று கலாத்தியருக்கு எழுதியவரும் அதே பவுல்தான். தீத்து கிரேக்கர், தீமோத்தேயுவின் தாயோ யூதப் பெண். புறஜாதியான் (யூதரல்லாதவன்) கிறிஸ்துவிடம் வருவதற்கு முதலில் யூதனாக வேண்டியதில்லை என்பதே பவுலின் வாதமேயன்றி, யூதன் தன் முறைமைகளைக் கைவிட வேண்டும் என்பதல்ல. பிற்பாடு எருசலேமில், பொருத்தனை (நேர்த்திக்கடன்) செய்திருந்த நால்வரின் செலவை ஏற்று, அவர்களோடு தாமும் சுத்திகரித்துக்கொண்டு ஆலயத்துக்குள் சென்றார் என்றும் நடபடிகள் கூறுகிறது. தனி மதம் தொடங்கியவர் செய்கிற காரியமா அது?

உண்மையான சிக்கல், யூத, புறஜாதி விசுவாசிகள் இரு சாராரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தபோதுதான் எழுந்தது. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சேர்ந்து உண்டுவந்த பேதுரு, எருசலேம் சபையின் தலைவரான யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். பவுலோடு ஊழியம் செய்த பர்னபாவும் அவர் பக்கம் சேர்ந்தார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். கர்த்தருடைய பந்தி (திருவிருந்து) முழுச் சாப்பாடாகவே நடந்த காலத்தில், தனிப்பந்தி போட்டால் சபையே இரண்டாகிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதன்பின் பேதுரு இணங்கினார் என்று அவர் எங்கும் எழுதவில்லை. வென்றிருந்தால் எழுதாமல் விடுகிறவர் அல்லர். அங்கே பவுல் தோற்றார் என்றே கருதுகிறேன்.

யாக்கோபையும் பிடிவாதக்காரராக்கிவிட வேண்டாம். புறஜாதியாரைக் கலங்கப்பண்ணலாகாது என்று, புறஜாதியார் எதைக் கைக்கொள்ள வேண்டும் எனத் தீர்மானிக்க நடந்த எருசலேம் கூட்டத்தில் சொன்னவர் அவரே. அங்கே முடிவான நான்கு விலக்குகளில் வேசித்தனம் தவிர்த்த மூன்றும் (விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெரிக்கப்பட்டுச் செத்தவை) உணவைப் பற்றியவை. யூதரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண அவை வழிசெய்திருக்கக் கூடும். பவுல் எருசலேமிலிருந்து எவ்வளவு விலகி நின்றார் என்று பார்க்க விரும்பினால், தீமோத்தேயுவை விட்டுவிட்டு இந்தத் தீர்மானத்தோடு கொரிந்தியருக்கு அவர் எழுதியதை ஒப்பிடுங்கள். படைத்த இறைச்சியைப் பற்றி அத்தனை விரிவாக எழுதும்போதும் அவர் இந்தத் தீர்மானத்தின் பேச்சையே எடுக்கவில்லை. கடையில் விற்கிற எதையும் விசாரிக்காமல் வாங்கி உண்ணுங்கள், படைத்தது என்று ஒருவன் சொன்னால் மட்டும் அவனுக்காக விட்டுவிடுங்கள் என்கிறார்.